மலைக்கு அங்கிட்டு இறங்கிய பணம்

பள்ளத்தாக்கின் கதை – 17

1958 மே மாதம் தேவிகுளத்தில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. ஊர் கேரளத்தில் இருந்தது. ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பகுதி தமிழர். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்கள் தேயிலைக் காட்டில் இருந்தன. போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கமிருந்து ஏறிப்போனவர்கள் ஏலக்காட்டில் இருந்தார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழியாக மாநிலங்களைப் பிரித்தபோது கன்னியாகுமரிப் பகுதி நம் பக்கம் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றுவிட்டன. அந்தக் கசப்பு அடங்குவதற்குள்தான் மலைத்தமிழர் புதுக் கேரளத்தின் முதல் தேர்தலைச் சந்தித்தார்கள்.

1957-இல் நடந்த அந்த முதல் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி 126 இடங்களில் 60-ஐப் பிடித்தது. கட்சி ஆதரவோடு ஜெயித்த ஐந்து சுயேச்சைகளும் சேர, ஏப்ரல் 5-ஆம் தேதி ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதல்வரானார். தேவிகுளத்தில் வென்றிருந்தவர் ரோசம்மா புன்னூஸ். புதிய சபையில் முதலில் பதவிப் பிரமாணம் எடுத்தவரும், தற்காலிக சபாநாயகராக இருந்து மற்றவர்களுக்குப் பிரமாணம் செய்துவைத்தவரும் அவர்தான். ஆனால் அந்தத் தொகுதியில் பி.கே. நாயருடைய வேட்புமனுவைத் தள்ளியது தவறு என்று வழக்கு நடந்து, ரோசம்மாவின் வெற்றி செல்லாமல் போயிற்று. மறுபடி தேர்தல். இந்தத் தடவை அதே பி.கே. நாயர் காங்கிரஸ் வேட்பாளர். ஆட்சியின் பெரும்பான்மையை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், ஒரு தொகுதிக்கான போட்டி ஒரு மந்திரிசபைக்கான போட்டியாக மாறிவிட்டது.

கம்யூனிஸ்ட் கட்சி வி.எஸ். அச்சுதானந்தனை மலைக்கு அனுப்பிப் பொறுப்பை ஒப்படைத்தது. தமிழ்த் தொழிலாளியிடம் மலையாளத்தில் பேசி ஓட்டு வாங்க முடியாது என்பது கட்சிக்குத் தெரியும். அங்கேதான் நம் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரம் வருகிறது. அந்த ஊர்ப் பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு மலையேறினார். தெம்மாங்கு மெட்டில், கும்மி மெட்டில், சினிமா மெட்டில் அந்தந்த நாள் அரசியலைக் கோத்துப் பாடக்கூடியவர். காங்கிரஸின் இரட்டைக் காளைச் சின்னத்தை அவர் கேலி செய்து பாடியதை மலையில் லயம் லயமாகக் கூட்டம் கூடிக் கேட்டிருக்கிறது. பின்னாளில் இளையராஜா ஆகப்போகிற தம்பி மேடைப்பாட்டு கற்றதும் இந்த அண்ணனிடம்தான். ரோசம்மா முன்பைவிடக் கூடுதல் வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்த வெற்றி பாவலருடையது என்று ஈ.எம்.எஸ். சொன்னதாகப் பள்ளத்தாக்கில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

பாவலர் குழுவுக்கு என்ன செலவாகியிருக்கும்? பஸ் காசு, மூன்று வேளைச் சோறு, தொண்டைக்குச் சுக்குக் காப்பி. அதையும் பெரும்பாலும் தொழிலாளர் வீடுகளே பார்த்துக்கொண்டிருக்கும். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமிதம் எட்டிப்பார்ப்பதை மறைக்கவில்லை. பண்ணைப்புரத்துக்காரர் விஷயம் அல்லவா. ஆனால் இந்த அத்தியாயம் பாவலரைப் பற்றியதல்ல. அதே சமயத்தில், அதே கேரளத்தின்மேல், கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெரிய நாடு கண் வைத்திருந்தது. அதன் கையிலிருந்து பணமும் வந்தது.

ஓட்டுச்சீட்டில் ஒரு கம்யூனிஸ்ட் ஆட்சி வரும் என்பதை வாஷிங்டன் எதிர்பார்க்கவில்லை. சீனாவில் துப்பாக்கியால் வந்ததைப் புரிந்துகொள்ளலாம்; ஜனங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்ததை எப்படி விளக்குவது? கேரளத்தில் அது நன்றாக நடந்து காட்டிவிட்டால் அடுத்து ஆந்திரமா, வங்கமா என்ற கவலை. போதாக்குறைக்கு மூணாறில் ஸ்காட்லாந்துக்காரரின் தேயிலைக் கம்பெனி பரந்து கிடந்தது. அயல்நாட்டார் தோட்டங்களை நாட்டுடைமை ஆக்க வேண்டும் என்பது கம்யூனிஸ்டுகளின் கோரிக்கைகளில் ஒன்று. 1957 முதல் 1961 வரை தில்லியில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் எல்ஸ்வொர்த் பங்கர். வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்தவர், நிதானமான ஆள், நேருவிடம் மரியாதை பெற்றவர். அவர் இருந்த காலத்தில்தான் விஷயம் நடந்தது.

நடந்தது வெளியே வர இருபது வருஷம் ஆயிற்று. அதுவும் எதிரிகள் வாயிலாக வரவில்லை. 1973 முதல் 1975 வரை தில்லியில் தூதராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் 1978-இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த நாட்களில் இந்திரா காந்தி எதற்கெடுத்தாலும் அயல்நாட்டுக் கை என்று பேசிவந்தது அவருக்கு எரிச்சல். அப்படி என்னதான் செய்திருக்கிறோம் என்று தூதரகத்தின் பழைய கணக்கையெல்லாம் தோண்டச் சொன்னார். கிடைத்ததைப் புத்தகத்தில் போட்டுவிட்டார். இந்தியக் கட்சி ஒன்றுக்குப் பணம் கொடுக்கும் அளவுக்கு அமெரிக்கா போனது இரண்டே தடவை. ஒன்று கேரளத்தில், மற்றது மேற்கு வங்கத்தில். இரண்டும் மாநிலத் தேர்தலில் கம்யூனிஸ்டுகள் ஜெயிக்கக் கூடாது என்பதற்காக. இரண்டு தடவையும் கேட்டதும் வாங்கியதும் காங்கிரஸ்தான். அதில் ஒரு தடவை அப்போது கட்சிப் பதவியில் இருந்த இந்திரா கையிலேயே கொடுக்கப்பட்டது. இவ்வளவும் அவர் எழுதியதன் சாரம். அந்த ஒரு தடவை எது என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை.

1979-இல் இது இந்தியப் பத்திரிகைகளில் வெடித்தது. இந்திரா அப்போது ஆட்சியில் இல்லை. பணம் வாங்கியதை மறுத்தார். நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்து அடங்கியது. இதற்கிடையே கிழவர் பங்கர், தம் வாழ்க்கை நினைவுகளைப் பதிவு செய்த நேர்காணலில், கேரளத்தில் காங்கிரஸுக்குப் பணம் போனதை ஒப்புக்கொண்டார். யார் வழியாக என்பதையும் சொன்னார்: எஸ்.கே. பாட்டீல்.

இந்தப் பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். சதாசிவ் கானோஜி பாட்டீல் பம்பாய்க் காங்கிரஸின் பெருந்தலை. மில் முதலாளிகளிடமிருந்து கட்சிக்கு நிதி திரட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். 1959-இல் மத்திய உணவு அமைச்சரானார். 1960 மே மாதம் வாஷிங்டனில் அதிபர் ஐசனோவரோடு உட்கார்ந்து 1 கோடியே 70 லட்சம் டன் தானியத்துக்கு ஒப்பந்தம் போட்டவரும் அவரே. பி.எல். 480 என்று நம் ரேஷன் கடை வரிசையில் பெயரெடுத்த அந்தக் கோதுமை இது. தானியம் வந்ததற்கும் தேர்தல் பணம் வந்ததற்கும் முடிச்சுப் போட நான் தயாரில்லை. ஆனால் வாஷிங்டனோடு பேசத் தெரிந்தவரும் பம்பாயில் பணம் புரட்டத் தெரிந்தவரும் ஒரே ஆளாக இருந்தார் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. 1967-இல் இவரைத் தெற்குப் பம்பாயில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தோற்கடித்தார்.

இனி எச்சரிக்கையாகப் பேச வேண்டிய இடம். அமெரிக்கப் பணத்தால்தான் ஈ.எம்.எஸ். ஆட்சி கவிழ்ந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அது சோம்பேறி வரலாறு. 1959 ஜூன் 12-ஆம் தேதி விமோசன சமரம் என்ற ஆட்சி எதிர்ப்புப் போராட்டம் தொடங்கியபோது தெருவுக்கு வந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரியின் சட்டம் பள்ளிக்கூடம் நடத்திய கிறிஸ்தவ சபையைச் சீண்டியது. நிலச் சட்டம் நாயர் தரவாடுகளைச் சீண்டியது. நாயர் தலைவர் மன்னத்து பத்மநாபன் தம் சமுதாயத்தையே திரட்டி நின்றார். அங்கமாலித் துப்பாக்கிச்சூட்டில் ஏழு பேர் செத்தபின் கோபம் தன்னால் பரவியது. காங்கிரஸ் தலைவராக இருந்த இந்திரா நெருக்க, நேரு தயங்கித் தயங்கி இணங்க, 1959 ஜூலை 31-ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது.

மொய்னிஹன் பேசியது தேர்தலைப் பற்றி. 1960 பிப்ரவரியில் நடந்த அந்தத் தேர்தலில் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் மூன்றும் கைகோத்தன. கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தது 29 இடம். இதை மட்டும் பார்த்தால் படுதோல்வி. ஓட்டுக் கணக்கைப் பாருங்கள்: 1957-இல் ஏறக்குறைய 35 சதவீதம் வாங்கிய கட்சி இப்போது 39 சதவீதம் வாங்கியிருந்தது! ஆட்சி போனது, ஆதரவு கூடியது. எதிரே சிதறிக்கிடந்த ஓட்டு ஒரே பெட்டிக்குள் விழுந்ததுதான் சங்கதி. சுவரொட்டி, ஜீப்பு, பெட்ரோல், துண்டுப் பிரசுரம் என்று பணத்துக்கு வேலை இருந்திருக்கும். கூட்டணியைக் கட்டியது உள்ளூர்க் கணக்கு. பட்டம் தாணு பிள்ளை முதல்வரானார்.

அப்படியானால் அந்தப் பணத்தைப் பற்றி ஏன் இவ்வளவு எழுத வேண்டும்? 1960-இல் தேவிகுளத்தில் ஓட்டுப் போட்ட ஒரு கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு, தன் முன்னால் நின்ற வேட்பாளருக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது. பாவலர் யார் பக்கம் நின்று பாடினார் என்பது அவளுக்குத் தெரியும். தோட்டத்துத் துரை யார் பக்கம் என்பதும் தெரியும். ஒரு வல்லரசின் தூதரகமும் அந்தத் தேர்தலில் இருந்தது என்பது மட்டும் அவள் காதுக்கு வரவில்லை. இருபது வருஷம் கழித்து, ஒரு தூதர் கோபத்தில் எழுதியதால் தெரியவந்தது.

மறுபக்கம் சுத்தமா என்றால், இல்லை. பணம் கொடுத்ததற்கு பங்கர் சொன்ன காரணமே, உள்ளூர்க் கம்யூனிஸ்டுகளுக்குச் சோவியத் பணம் வருவது தமக்குத் தெரியும் என்பதுதான். அது அவருக்கு வசதியான நியாயம் என்றாலும் வெறும் கற்பனை அல்ல. கே.ஜி.பி.யின் ஆவணக் காப்பாளராக இருந்து குறிப்புகளோடு பிரிட்டனுக்குப் போன வாசிலி மித்ரோகினின் குறிப்புகளை வைத்துக் கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் ஆண்ட்ரூ 2005-இல் வெளியிட்ட நூலின் இரண்டாம் தொகுதி, சோவியத்தோடு வணிகம் செய்த நிறுவனங்கள் வழியே இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் பணம் போன கதையைச் சொல்கிறது. கட்சி மறுத்தது. மாஸ்கோவில் அச்சான மலிவு விலைப் புத்தகங்களின் விற்பனைப் பணம் இங்கேயே தங்கிவிடுகிறது என்ற குற்றச்சாட்டும் நெடுநாள் இருந்தது. அந்தப் புத்தகங்களைத் தமிழில் வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். டால்ஸ்டாயையும் கார்க்கியையும் இரண்டு, மூன்று ரூபாய்க்குக் கொடுத்த கையை எனக்கு அவ்வளவு சுலபமாகத் திட்ட வராது. ஆனால் கணக்கு கேட்பது திட்டுவது ஆகாது.

அதே மித்ரோகின் தொகுதியில் இன்னொரு செய்தி உண்டு. எழுபதுகளில் பணம் நிறைந்த பெட்டிகள் பிரதமர் இந்திரா வீட்டுக்குப் போயின என்றும், அந்த அம்மையார் காலிப் பெட்டியைக்கூடத் திருப்பித் தரவில்லை என்று ஒரு பழைய காங்கிரஸ் தலைவர் சொன்னாராம் என்றும் அதில் வருகிறது. யார் அந்தத் தலைவர் என்கிறீர்கள்? எஸ்.கே. பாட்டீல்! பெட்டி விவகாரத்தில் அவர் பேச்சுக்கு ஒரு தனி அதிகாரம் இருந்தது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கடல் தாண்டி வரும் பணம் எல்லாமே இப்படி இருட்டில் வந்ததில்லை. சிறையிலிருந்து 1912 கடைசியில் வெளிவந்து சென்னையில் வறுமையில் கிடந்த வ.உ. சிதம்பரம் பிள்ளைக்காகத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டினார்கள். அது காந்தி வழியாக வர வேண்டும். வருவதற்குத் தாமதமாயிற்று. வ.உ.சி. விடாமல் கடிதம் எழுதிக் கேட்டார். காந்தி பதில் எழுதினார். கடைசியில் 1916-இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி அந்தக் கடிதப் போக்குவரத்தைத் தேடி எடுத்து வெளியிட்டிருக்கிறார். கொடுத்தவர் யார், கைமாற்றியவர் யார், வாங்கியவர் யார் என்று நூறு வருஷம் கழித்தும் அணாக் கணக்கு வரை சொல்ல முடிகிறது. 1943, 44-இல் மலேயாத் தமிழர்களும் பர்மாத் தமிழர்களும் நேதாஜியின் கூட்டங்களில் தாலி, வளையல் கழற்றிக் கொடுத்ததும் வெட்டவெளியில்தான் நடந்தது. அதை வைத்து நிர்வாகம் செய்ய 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஒரு வங்கியே திறந்தார்கள். சொந்த மண்ணுக்காக வெளிநாட்டுத் தமிழன் கொடுத்ததையும், சொந்தக் காரியத்துக்காக வெளிநாட்டு அரசு கொடுத்ததையும் ஒரே பட்டியலில் வைக்க எனக்கு மனமில்லை.

சட்டத்தின் கதைக்கு வருவோம். 1967 தேர்தலில் வெளிநாட்டுப் பணம் புரண்டதா என்று உளவுத்துறை விசாரித்தது. அறிக்கையை வெளியிட உள்துறை அமைச்சர் ஒய்.பி. சவான் மறுத்துவிட்டார். அமெரிக்கர்கள் இதற்கு ஒரு வருஷம் முன்பே, 1966-இல், தங்கள் தேர்தலில் அந்நியர் பணம் நுழையக் கூடாது என்று தங்கள் சட்டத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கேரளத்தில் கொடுத்த கைதான் தன் வீட்டு வாசலில் அதே காசு ஆகாது என்று எழுதிவைத்தது.

நம் நாட்டுச் சட்டம் நெருக்கடி நிலையின்போது வந்தது. 1976 ஆகஸ்ட் 5 முதல் அமலான அயல்நாட்டு நன்கொடைச் சட்டம், வேட்பாளர், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர், கட்சி, பத்திரிகையாளர், நீதிபதி, அரசு ஊழியர் ஆகியோர் வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கக் கூடாது என்றது. கொண்டுவந்தது இந்திரா அரசு. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த நேரம் அது; ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கத்தின் பின்னால் அயல்நாட்டுக் கை என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த நேரம். பணம் வாங்கிய கட்சிக்குத்தான் அந்தப் பணத்தின் வலிமை தெரிந்திருக்கிறது. 2010-இல் புதுச் சட்டம் வந்து பழையதை மாற்றியது. தொண்டு நிறுவனங்கள்மேல் அதன் பிடி வருஷத்துக்கு வருஷம் இறுகியது.

கட்சிகள்மேல் பிடி எப்படி? 2014 மார்ச் 28-ஆம் தேதி தில்லி உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் ஓய்வுபெற்ற அதிகாரி ஈ.ஏ.எஸ். சர்மாவும் போட்ட வழக்கு. லண்டன் வேதாந்தாவின் பிடியிலிருந்த ஸ்டெர்லைட்டும் சேசா கோவாவும் காங்கிரஸுக்கும் பா.ஜ.க.வுக்கும் கொடுத்த நன்கொடை, சட்டப்படி அயல்நாட்டுப் பணமே என்றது நீதிமன்றம். ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடு என்றது. வ.உ.சி. கப்பல் விட்ட அதே தூத்துக்குடியில் தாமிர ஆலை நடத்திய அதே ஸ்டெர்லைட். எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இரண்டு கட்சிகளும் ஒரே கூண்டில் நின்றன.

எங்கள் வடுகபட்டிச் சந்தையில் கொடைக்கானல் மலைப்பூண்டோடு சீனப் பூண்டு கலந்து வந்தால், பல்லை உரிக்காமலே வியாபாரி ஒதுக்கிவிடுவார். மூட்டை போட்டவர் கெஞ்சினாலும் அது மலைப்பூண்டு ஆகாது. தில்லியில் ஆக்கினார்கள். 2016 நிதி மசோதாவில் ஒரு பிரிவைச் செருகினார்கள்: அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருந்தால், பாதிக்கு மேல் பங்கு வெளிநாட்டாரிடம் இருந்தாலும் அந்தக் கம்பெனி அயல்நாட்டு மூலம் அல்ல. இது 2010 செப்டம்பர் 26 முதல் செல்லும் என்று பின்தேதியிட்டார்கள். ஆனால் வழக்கிலிருந்த நன்கொடைகள் அதற்கும் முந்தியவை. பழைய 1976 சட்டத்தின் கீழ் வருபவை. ஓட்டை அடைபடவில்லை என்று தெரிந்ததும், 2018 நிதி மசோதாவில் தேதியை இன்னும் பின்னால் தள்ளினார்கள். எதுவரை? 1976 ஆகஸ்ட் 5 வரை. அந்தச் சட்டம் பிறந்த நாள் வரை. மக்களவையில் கூச்சலுக்கு நடுவே, விவாதம் இல்லாமல் அது நிறைவேறியது. ஆளும் கட்சி கொண்டுவந்தது. எதிர்க்கட்சிக்கும் அதில் விடுதலை இருந்தது.

கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் கொடுக்க அதே வருஷம் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-இல் ரத்து செய்து, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை வெளியிடச் சொன்னது. ஓட்டுப் போடுகிறவருக்கு அது தெரிய வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் ஆதாரம். இன்று துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் நம் பள்ளத்தாக்குப் பையன், கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் பிடித்த கட்சிக்கு நன்கொடை கொடுக்கலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் கொடுக்க முடியாது. தனியாளுக்குக் கோடு இவ்வளவு தெளிவாக இருக்கிறது.

1960 பணத்தை 1976 சட்டம் தொடாது. அது வேறு காலம். அந்தப் பணத்துக்கு நம் பக்கத்தில் ரசீது என்று எதுவும் வெளிவந்ததில்லை. கொடுத்தவர்கள் பேசிவிட்டார்கள், வாங்கியவர்கள் மறுத்துவிட்டார்கள், நடுவில் நின்ற பாட்டீலும் போய்ச் சேர்ந்தார். ரோசம்மா புன்னூஸ் மட்டும் நூறு வயது வாழ்ந்து 2013-இல் மறைந்தார். பாவலர் 1973-லேயே போய்விட்டார். மொய்னிஹன் எழுதியதைப் படித்திருந்தால் அதற்கும் ஒரு மெட்டுப் போட்டிருப்பார்.

தேவிகுளம் வெற்றி முடிந்த அஞ்சாம் மாதம், 1958 அக்டோபரில், அதே தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தாங்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த அரசின் போலீசே அவர்கள்மேல் சுட்டது. அடுத்த வாரம் மூணாறுக்குப் போவோம்.

(தொடரும்)